பலவகை வரவு

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
14-6-1970

அன்புள்ள அண்ணி அவர்களுக்கு, வள்ளி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தம்பியும் சுகம். அவருக்கு இருமல் மட்டும் விட்டபாடில்லை. அங்கே அண்ணனுக்கும் குழந்தைகளுக்கும் நாகர்கோவில் தண்ணீர் ஒத்துக்கொண்டதா?

நெசவாளர் நல நிலையத்தில் முதல் தேதியிலிருந்து பொறுப்பேற்றுக்கொண்டேன். ஊரைவிட்டுப் புறப்படும்போது நீங்கள் எழுதிக் கொடுத்த பதினோரு பக்கக் குறிப்பு இல்லாவிட்டால், முதல் நாளே பொன்மலையில் இருக்கும் அப்பா வீட்டுக்கு ரயில் ஏறியிருப்பேன். எந்த மருந்துக்கடையில் எத்தனை நாள் கடன், டாக்டரம்மாவுக்கு எந்தத் தேதியில் சம்பளம் கொடுத்தால் முகம் சுளிக்கமாட்டார், மாதச் சந்தா ஒரு ரூபாயைக் கேட்க எந்த வீட்டுக்கு எந்த நேரத்தில் போகவேண்டும், எல்லாம் இருக்கிறது. பி.காம். படித்த காலத்தில் இப்படி ஒரு பாடம் யாரும் எனக்கு நடத்தவில்லை.

செயலாளர் திருஞானசம்பந்தம் ஐயா எனக்கு மேஜையும் கை வைத்த நாற்காலியும் போட்டிருக்கிறார். வாசலில் "நிதிப் பொறுப்பாளர்" என்று பலகை வேறு மாட்டிவிட்டார்கள். பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. சம்பளம் நூற்று எழுபத்தைந்து. நீங்கள் ஆறு வருடம் பாடுபட்டு வளர்த்த இடத்தில் நான் வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்பதை மறக்கவில்லை. தப்பு கண்டால் தலையில் குட்டி எழுதுங்கள்.

உங்கள் சுகம் கேட்டு எழுதும்,
வள்ளி


நாகர்கோவில்,
28-6-1970

சௌபாக்கியவதி வள்ளிக்கு அநேக ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் சௌக்கியம். தண்ணீர் ஒத்துக்கொண்டது. சாப்பாட்டில் தேங்காய்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

கை வைத்த நாற்காலியா? நல்லது. நான் இருந்தவரை குளுக்கோஸ் பாட்டில் வந்த மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். அதில் ஒரு ஆணி நீட்டிக்கொண்டிருக்கும். மூன்று புடவை கிழிந்ததுதான் மிச்சம். மாதம் நாற்பது ரூபாய் கொடுத்தார்கள். அதைச் சம்பளம் என்றுகூடச் சொல்லமாட்டார்கள், "கைச்செலவுக்கு வச்சுக்கம்மா" என்பார் செயலாளர். எஸ்.எஸ்.எல்.சி.க்கு எதற்குப் பலகை என்று நினைத்திருப்பார் போல. உனக்கு யோகம். யாரையும் குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னேன்.

ஒன்று மட்டும் மனதில் வைத்துக்கொள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ரசீதுப் புத்தகத்தை நீட்டினால் நம் தெருக்காரர்கள் பயந்துவிடுவார்கள். முகம் பார்த்துப் பேசத் தெரியவேண்டும். அது படித்து வருவதில்லை.

உன் அண்ணன் காஞ்சிபுரம் தபாலாபீசுக்கே மாற்றல் கேட்டு எழுதியிருக்கிறார். தை மாதத்துக்குள் கிடைக்கலாம் என்கிறார். அதுவரை நாற்காலியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

தம்பி குமாரவேலைக் கேட்டதாகச் சொல்.
காந்தா


காஞ்சிபுரம்,
9-8-1970

அன்புள்ள அண்ணி அவர்களுக்கு வணக்கம். எல்லோரும் நலமா? இங்கே நலம். இருமல் பாதி குறைந்திருக்கிறது.

நானூற்றுப் பன்னிரண்டு வீட்டில் போன மாதம் முந்நூற்று எண்பத்தெட்டு வீட்டிலிருந்து சந்தா வந்துவிட்டது. மருந்துக்கடைக் கடனை அடைத்துவிட்டு, இனி ரொக்கத்துக்கு வாங்குகிறேன் என்றேன். கடைக்காரர் நூற்றுக்கு எட்டு ரூபாய் தள்ளிக் கொடுக்கிறார். செயலாளர் ஐயா கமிட்டிக் கூட்டத்தில் இதைச் சொல்லிக் கைதட்டச் சொன்னார். உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

இப்போது ஒரு சந்தேகம். மழைக்காலத்தில் தறிக்குழியில் தண்ணீர் ஊறிவிடும், பாவு நூலை நீட்டிக் கட்டத் தெருவும் காய்ந்திருக்காது, யாருக்கும் கூலி வராது என்று எதிர்வீட்டுச் செல்லியம்மாள் சொன்னாள். உங்கள் கணக்கிலும் ஐப்பசி, கார்த்திகையில் சந்தா நூற்றைம்பதுக்குக் கீழே போயிருக்கிறது. ஆனாலும் நிலையம் ஒரு நாள்கூட நின்றதில்லை. எப்படி என்று பார்த்தேன். ஒவ்வொரு வருடமும் புரட்டாசி பிறந்தவுடன் "பலவகை வரவு" என்று ஒரே ஒரு வரி. ஒரு வருடம் 980, ஒரு வருடம் 1,080, போன வருடம் 1,140. ரசீது இல்லை, பெயர் இல்லை. உங்கள் குறிப்பிலும் இது இல்லை. அந்தப் பணம் எங்கிருந்து வரும் அண்ணி? அது இருந்தால்தான் மழை இரண்டு மாதத்துக்கு மருத்துவச்சி பூவம்மாளுக்குச் சம்பளம் கொடுக்கமுடியும்.

செல்லியம்மாளுக்கு ஏழு வருடம் கழித்து வயிற்றில் தங்கியிருக்கிறது, இது ஆறாம் மாதம். "காந்தா இல்லாதப்ப பெக்கப்போறேனே" என்று உங்களை நினைத்துக்கொள்கிறாள். பிரசவம் நம் நிலையத்தில்தான் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறாள்.

பதிலை எதிர்பார்க்கும்,
வள்ளி


நாகர்கோவில்,
21-8-1970

சௌபாக்கியவதி வள்ளிக்கு ஆசீர்வாதம். இங்கே சின்னவனுக்கு இரண்டு நாள் ஜுரம், இப்போது தேவலை.

இருமலுக்கு ஆடாதோடை இலையைக் கஷாயம் வைத்துத் தேன் விட்டுக் கொடு. குமாரவேல் கசப்பு என்று துப்புவான், மூக்கைப் பிடித்து ஊற்றவேண்டும். அவன் நாலு பக்கம் கடிதம் எழுதியிருக்கிறான். அதில் மூன்றரைப் பக்கம் உன் புராணம். வள்ளி கூட்டத்தில் பேசினாள், வள்ளி கணக்கைப் பார்த்து டாக்டரம்மா ஆச்சரியப்பட்டார் என்று. அம்மா போனபிறகு என் கையால் சோறு தின்று வளர்ந்த பிள்ளை. நான் ஆறு வருடம் அதே கணக்கைத்தான் எழுதினேன். ஒரு நாள் எட்டிப் பார்த்ததில்லை.

செல்லிக்கு முருங்கைக்கீரை கொடுக்கச் சொல். நெல்லிக்காய் உப்பில் ஊறப்போட்டதற்கு ஆசைப்படுவாள், அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே அது பைத்தியம். அவளுக்குக் குழந்தை நிற்கவேண்டும் என்று நான் வேண்டாத தெய்வமில்லை. தீபாவளிக்கு என்ன புடவை எடுக்கப்போகிறாய்? அரக்கு உன் நிறத்துக்கு எடுபடாது.

பலவகை வரவு என்று கேட்டிருந்தாய். அவ்வப்போது நல்ல மனதுக்காரர்கள் கொடுத்த சில்லறைதான். பழைய கணக்கைத் தோண்டிக்கொண்டிருக்காதே.

காந்தா


காஞ்சிபுரம்,
2-9-1970

அன்புள்ள அண்ணி அவர்களுக்கு வணக்கம். சின்னவனுக்கு ஜுரம் விட்டதா? கஷாயம் வேலை செய்தது. மூக்கைப் பிடித்துத்தான் ஊற்றினேன்.

மறுபடி கேட்கிறேன் என்று கோபிக்கவேண்டாம். சில்லறை வருடா வருடம் ஒரே வாரத்தில் ஆயிரம் ரூபாயாக வருமா? செல்லியம்மாளைக் கேட்டேன். சிரித்துக்கொண்டே, "அத்த நாங்க சொல்லக்கூடாதும்மா. காந்தாவக் கேளு, சொல்லும்" என்றாள். பக்கத்து வீட்டிலும் இதே பதில். உங்கள் தம்பிக்குத் தெரியவில்லை, "பொம்பளைங்க ஏதோ பண்ணுவாங்க" என்கிறார். கமிட்டியில் புரட்டாசி பத்துக்குள் மழைக்காலச் செலவுக்கு வழி காட்டச் சொல்லியிருக்கிறார்கள். இல்லையென்றால் மருத்துவச்சியை நிறுத்திவிடுவார்கள்.

எனக்குத் தெரியாததை உங்களிடம் கேட்பதில் எனக்கு வெட்கமில்லை. ஒரு வரி போதும் அண்ணி.

வள்ளி


காஞ்சிபுரம்,
9-10-1970
(அஞ்சலட்டை)

அண்ணி அவர்களுக்கு வணக்கம். ஐந்து வாரமாகப் பதில் இல்லை. அண்ணன் தபாலாபீசிலேயே இருக்கும்போது கடிதம் தவறியிருக்கும் என்று நினைக்க முடியவில்லை. யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? பூவம்மாளை வருகிற பதினைந்தாம் தேதியிலிருந்து இரண்டு மாதத்துக்கு நிறுத்திவைக்கக் கமிட்டி தீர்மானித்துவிட்டது. அவள் பெண்ணோடு இருக்க மாகறலுக்குப் போகிறாள். இங்கே மழை பிடித்துக்கொண்டது. நலமாக இருக்கிறீர்கள் என்று மட்டுமாவது எழுதுங்கள். வள்ளி.


நாகர்கோவில்,
14-10-1970

மதிப்பிற்குரிய செயலாளர் ஐயா அவர்களுக்கு, காந்தா பணிவுடன் எழுதிக்கொண்டது. தாங்களும் வீட்டில் எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன். தங்கள் முழங்கால் வலி எப்படியிருக்கிறது?

மருத்துவச்சியை நிறுத்தும்படி ஆகிவிட்டதாகக் கேள்விப்பட்டு மனது கஷ்டப்பட்டது. நான் இருந்த ஆறு மழைக்காலத்திலும் அப்படி நேர்ந்ததில்லை என்பது தங்களுக்குத் தெரியும். வள்ளி நல்ல பெண். சின்ன வயது, வெளியூர். நெளிவு சுளிவு தெரிய நாளாகும். என் தம்பி மனைவியைப் பற்றி நானே வேறொன்றும் சொல்லக்கூடாது.

என் வீட்டுக்காரருக்குத் தை மாதத்தில் காஞ்சிபுரத்துக்கு மாற்றல் உறுதியாகிவிட்டது. நிலையத்துக்கு நான் தேவை என்று கமிட்டிக்குத் தோன்றினால், எனக்கு மறுப்பில்லை. நாற்காலிக்காகச் சொல்லவில்லை.

தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
காந்தா


காஞ்சிபுரம்,
18-11-1970

அன்புள்ள அண்ணி அவர்களுக்கு வணக்கம். நீங்கள் எழுதாவிட்டாலும் இதை நான் எழுதவேண்டும். வேறு யார் சொல்லியாவது கேள்விப்படுவதைவிட நான் சொல்வது நல்லது.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குச் செல்லியம்மாளுக்கு வலி எடுத்தது. டாக்டரம்மா காலையோடு போய்விடுவார். பூவம்மாள் இல்லை. தெருவில் முழங்கால் தண்ணீர். அவள் புருஷன் கோதண்டபாணி ஜட்கா பிடித்து வர ஒரு மணி நேரமாயிற்று. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் வண்டி தண்ணீரில் நின்றுவிட்டது. வண்டியிலேயே பிறந்தது. நான்தான் பக்கத்தில் இருந்தேன். பெண் குழந்தை. கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. எனக்கு எடுக்கத் தெரியவில்லை அண்ணி. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது குழந்தைக்கு உயிர் இல்லை. செல்லியம்மாள் பிழைத்துக்கொண்டாள்.

பூவம்மாள் இருந்திருந்தால் கொடியை எடுத்திருப்பாள் என்று டாக்டரம்மா சொன்னார். நிதிப் பொறுப்பாளர் என்று பலகை மாட்டிக்கொண்டு, ஒரு மருத்துவச்சிக்கு நூற்றிருபது ரூபாய் தேட எனக்குத் துப்பில்லை. பலகையைக் கழற்றிவிட்டேன்.

குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
வள்ளி


நாகர்கோவில்,
23-11-1970

வள்ளிக்கு,

எல்லோரும் சுகமா என்று கேட்டு எழுத எனக்கு வாய் வரவில்லை.

துப்பில்லாதது உனக்கு இல்லை. பலகையைத் திரும்ப மாட்டு. நான் சொல்வதைக் கேள்.

நம் பக்கத்தில் தறி உள்ள வீட்டில் எல்லாம் பெண்கள் ஒரு டப்பா வைத்திருப்பார்கள். அறுந்த ஜரிகைத் துணுக்கு, இழை முனை எல்லாம் அதில் சேரும். உருக்கினால் வெள்ளி. அம்மா காலத்தில் அதை மாரியம்மன் கோயில் கூழுக்கு மகமை என்று கேட்டு வாங்குவார்கள். அதை நிலையத்துக்கு என்று மாற்றியது நான். ஆவணிக் கடைசி வெள்ளிக்கிழமை, ஆண்கள் கூலி வாங்கப் போயிருக்கும் நேரத்தில், ஒரு பெண் முறத்தோடு வாசலில் நின்று "மகமை போடுங்கம்மா" என்று கேட்கவேண்டும். கேட்டுப் போட்டால் மகமை. கேட்காமல் கொண்டுவந்து கொடுத்தால் பெருமைக்குச் செய்வது. அதனால்தான் யாரும் உன்னிடம் வாய் திறக்கவில்லை. எந்த வீட்டில் எவ்வளவு என்று நிறுக்கவோ எழுதவோ கூடாது. தறி ஓடாத வீடு எது என்று தெரிந்துபோகும். எல்லாம் ஒரே முறத்தில் கொட்டி, காசுக்கடைச் சேட்டிடம் கொடுத்து, கிடைப்பதை ஒரே வரியில் எழுதுவேன். அதுதான் பலவகை வரவு.

பதினோரு பக்கம் எழுதினேனே, பன்னிரண்டாம் பக்கத்தில் இதை எழுதப் பேனாவை எடுத்தேன். அப்போது உனக்கு நாற்காலி செய்யச் சொல்லி ஆசாரியிடம் செயலாளர் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. பேனாவை மூடிவிட்டேன். மற்றதெல்லாம் யாரும் செய்யலாம். இது ஒன்றுதான் என்னுடையது என்று இருந்தது.

மறுபடி கேட்டு நீ எழுதிய கடிதம் செப்டம்பர் ஐந்தாம் தேதி என் கைக்கு வந்தது. கடைசி வெள்ளி பதினொன்று. ஆறு நாள் இருந்தது. படித்தேன். வள்ளி தவிக்கிறாள், தவிக்கட்டும் என்று நினைத்தேன். அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். பொறாமைதான். வேறு பேர் வைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. உன் படிப்பு, உன் பலகை, என் தம்பி எழுதின மூன்றரைப் பக்கம், எல்லாவற்றுக்கும் வயிறு எரிந்தது. நீ கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். உன்னைத் தள்ளிவிட்டு என்னைக் கூப்பிடச் சொல்லிச் செயலாளருக்கும் எழுதினேன், அதுவும் உனக்குத் தெரியட்டும்.

செல்லி பிழைத்துவிட்டாள் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை எத்தனை தரம் படித்தேன் என்று தெரியாது.

இப்போதாவது போய்க் கேள். பாதி வீட்டில் விற்றிருப்பார்கள். மீதி இருக்கும்.

காந்தா


காஞ்சிபுரம்,
13-12-1970

அண்ணிக்கு,

இங்கே உங்கள் தம்பி நலம். உங்கள் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை. பதில் எழுத மூன்று வாரம் ஆனதற்கு வேலை காரணமில்லை. கோபம். இன்னமும் இருக்கிறது.

முறத்தை எடுத்துக்கொண்டு ஐந்து நாள் மழையில் நடந்தேன். முதல் வீட்டில் "மகமை போடுங்கம்மா" என்று சொல்ல வாய் வரவில்லை, அழுகைதான் வந்தது. அந்த அம்மாள், "இன்னாமா, இத்த கேக்க இம்மாம் நாளா? ரசீதுப் பொஸ்தகம் வச்சிக்கினு வர்ற படிச்ச பொண்ணு, குப்பையக் கேக்குமான்னு நாங்களே வித்துட்டோம்" என்றாள். பாதி வீட்டில் அப்படித்தான். மீதிப் பேர் கொட்டினார்கள். எந்த வீட்டையும் நிறுக்கவில்லை, எழுதவில்லை. மொத்த மூட்டையை மட்டும், சேட்டிடம் போகுமுன், நிலையத்தில் குழந்தைகளை நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தேன். எடையை அவரிடம் சொல்லித்தான் கொடுத்தேன். "அந்தம்மா நிறுத்துக் கொண்டாந்ததே இல்லியே" என்றார். பாதி வீட்டு ஜரிகைக்கு 1,310 ரூபாய் கிடைத்தது. போன வருடங்களில் உங்களுக்கு எவ்வளவு குறைத்துக் கொடுத்தார் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. நீங்களும் பார்க்கவேண்டாம்.

மாகறலுக்கு ஆள் அனுப்பிப் பூவம்மாளை வரவழைத்துவிட்டேன். கார்த்திகையில் மூன்று பிரசவம் ஆயிற்று, மூன்றும் நல்லபடி. கமிட்டியில் கேட்டார்கள். இது காந்தா அண்ணி ஏற்படுத்திய வழி என்றேன். அது உண்மைதானே.

செல்லியம்மாள் வீட்டுக்கும் போனேன். மாடத்தில் டப்பா நிறைய ஜரிகை இருந்தது. எடுத்துக் கொடுக்கவில்லை. "ஆவணியில இத்த வெச்சிக்கினு வாசலையே பாத்துக்கினு இருந்தேன்மா. நீ கேட்டப்பவே சொல்லியிருக்கணும். சொல்லக்கூடாதுன்னு வாய மூடிக்கினேன். காந்தா வந்து கேக்கட்டும், அப்ப போடறேன்" என்றாள். நீங்கள் எழுதியதை நான் அவளிடம் சொல்லவில்லை. ஆனால் செப்டம்பரிலேயே உங்களைக் கேட்டு எழுதினேன் என்பது அவளுக்குத் தெரியும்.

வள்ளி


காஞ்சிபுரம்,
28-12-1970

சௌபாக்கியவதி காந்தா அம்மாளுக்கு, திருஞானசம்பந்தம் ஆசியுடன் எழுதுவது. இறைவன் அருளால் இங்கே க்ஷேமம். முழங்கால் வலி மழையோடு வந்தது, இன்னும் போகவில்லை.

தங்கள் கடிதம் கமிட்டியில் வைக்கப்பட்டது. பதிலுக்குத் தாமதித்ததற்கு மன்னிக்கவும். தங்கள் தம்பி மனைவியைக் கலந்துகொள்ளாமல் முடிவெடுப்பது முறையல்ல என்று அவரைக் கேட்டோம். "அண்ணிக்குத் தெரிஞ்ச ஊரு எனக்குத் தெரியாதுங்க. நாற்காலி அவங்களோடதுதான். நான் பக்கத்துல பேரேடு எழுதறேன்" என்று சொல்லிவிட்டார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண்ணா என்று எங்களுக்கு ஆச்சரியம்.

ஆகவே தை முதல் தேதியிலிருந்து தாங்களே நிதிப் பொறுப்பாளர். சம்பளம் அதே நூற்று எழுபத்தைந்து. பலகையில் தங்கள் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லியிருக்கிறேன். தாங்கள் வந்தால்தான் ஆகும்.

திருஞானசம்பந்தம்


நாகர்கோவில்,
4-1-1971

வள்ளிக்கு ஆசீர்வாதம். அது இன்னும் என்னிடமிருந்து உனக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்.

செயலாளர் கடிதம் வந்தது. ஆறு வருடம் நான் கேட்க ஏங்கிய வார்த்தை அதில் கடைசி வரியாக இருந்தது. உன் அண்ணனிடம் காட்டினேன். அவருக்குச் சந்தோஷம், கடைக்குப் போய் அல்வா வாங்கி வந்தார். நான் வாயில் வைக்கவில்லை.

இன்று காலை செயலாளருக்குப் பதில் போட்டுவிட்டேன். வேலை வேண்டாம் என்று எழுதினேன். காரணம் எழுதாவிட்டால் என்னைப் பெருந்தன்மைக்காரி என்று நினைத்துக் கூட்டத்தில் கைதட்டச் சொல்வார். ஆகவே செப்டம்பர் ஐந்தாம் தேதியையும் எழுதினேன். குமாரவேலுக்கும் தனியாக ஒரு கடிதம் இதோடு இருக்கிறது. அவன் படித்துவிட்டுப் பேசாமல் இருந்தால் நீ சமாதானம் சொல்லப்போகாதே.

இதையெல்லாம் செய்ததும் மனது சுத்தமாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. ஜரிகை மூட்டையை நிறுக்க எனக்குத் தோன்றாமல் உனக்குத் தோன்றியதே என்று படித்தவுடன் பழையபடி சுருக்கென்றது. குழந்தை போன வீட்டுக்கு அழுகிற வேளையிலும் அது வருகிறது. அது இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். உன்னிடம் இனி எதையும் விட்டுவிட்டு எழுதப்போவதில்லை, அதனால் இதையும் எழுதுகிறேன்.

பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வந்து இறங்குகிறோம். அவரும் குழந்தைகளும் நேரே உன் வீட்டுக்கு வருவார்கள். நான் முதலில் எதிர்வீட்டுக்குப் போகிறேன். செல்லி கதவைத் திறப்பாளா தெரியாது. திறந்தால், நான் வெளியே வர எவ்வளவு நேரமாகும் என்றும் தெரியாது. எனக்காகக் காத்திருக்காமல் நீங்கள் சாப்பிட்டுவிடுங்கள்.

காந்தா